மெஸ்ஸி ஏன் நடந்துகொண்டே இருக்கிறார்? அக்கா மகனுக்கு என்ன பதில் சொல்வது, எந்த ஆட்டத்தைக் காட்டுவது?

இருபதாம்_வளைவு:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன். நான்கு நாளாக ஒரு கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதுகூட அதே நினைப்புதான், அதனால் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

என் அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது, நாகலூர் பக்கம் வீடு. வகுப்பிலேயே அவன்தான் குள்ளம். மெஸ்ஸி என்றால் அவனுக்கு உயிர். பத்தாம் நம்பர் சட்டையைத் துவைத்துப் போட்டால் மலை ஈரத்தில் அது காய்வதற்குள் எடுத்து மாட்டிக்கொண்டு ஓடிவிடுவான். ஆனால் அவன் பார்த்ததெல்லாம் போனில் வரும் அரை நிமிஷ ரீல்ஸ்தான். ஒரு கோல், ஒரு பாட்டு, அடுத்த கோல், அடுத்த பாட்டு.

போன ஞாயிறு நல்ல மழை, சவாரி எதுவும் இல்லை. சரி, இன்றைக்கு ஒரு ஆட்டத்தை முழுசாகக் காட்டுவோம் என்று 2022 கால்பந்து உலகக் கோப்பை அரையிறுதியை, அர்ஜென்டினா குரோஷியா ஆட்டத்தை, டிவியில் போட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "மாமா, இவரு ஏன் நடந்துக்கிட்டே இருக்காரு? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எனக்குப் பதில் வரவில்லை. 2014 இறுதி ஆட்டம் நம்ம ஊர் நேரத்துக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கியது, ஜெர்மனி வீரர் கோட்ஸே 113-வது நிமிஷத்தில் கோல் போட்டு அர்ஜென்டினா தோற்றதையும், மெஸ்ஸி கோப்பையைத் தாண்டி நடந்துபோகும்போது அதையே பார்த்ததையும் கண் விழித்துப் பார்த்துவிட்டு, விடிந்ததும் முதல் சவாரிக்கு வண்டி எடுத்தவன் நான். அந்த மனுஷன் மேல் எனக்கு இருக்கும் மரியாதையை ஒரு பையனுக்குச் சொல்லத் தெரியவில்லையே என்று கஷ்டமாக இருக்கிறது. 2026 ஜூன் 11-ஆம் தேதி அடுத்த உலகக் கோப்பை தொடங்குகிறது, இந்த முறை 48 அணிகள், 104 ஆட்டங்கள். அதற்குள் அவன் ஒரு ஆட்டத்தையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்த ஆட்டத்தைக் காட்டலாம்? மெஸ்ஸிதான் என்று இல்லை, யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை:

அண்ணா, ஆட்டத்தில் தப்பே இல்லை. நீங்கள் பத்தாவது நிமிஷத்தில் விட்டதுதான் தப்பு. அதே ஆட்டத்தைத் திரும்பப் போடுங்கள்.

மெஸ்ஸி சோம்பேறித்தனத்தால் நடக்கவில்லை என்று முதலில் பையனிடம் சொல்லுங்கள். ஆட்டம் தொடங்கிய முதல் சில நிமிஷங்கள் அவர் பந்துப் பக்கமே அதிகம் போக மாட்டார். எதிரணித் தடுப்பாளர்கள் நாலு பேரும் எங்கே நிற்கிறார்கள், யாருக்கும் யாருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, எவன் சீக்கிரம் பதறுவான், இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பார். பார்சிலோனாவில் அவருக்குப் பயிற்சியாளராக இருந்த குவார்டியோலாவே இதை விளக்கியிருக்கிறார், அந்த நடையிலேயே மைதானத்தின் படம் மொத்தமும் மெஸ்ஸி தலைக்குள் ஏறிவிடும் என்கிற மாதிரி. நாங்கள் கொலுசு வேலை செய்கிறவர்கள். பற்றவைப்பதற்கு முன்னால் கண்ணியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். வெளியாள் பார்த்தால் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரியும், வேலையே அங்கேதான் நடக்கிறது.

அதனால் பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள். பந்தைப் பார்க்காதே, மெஸ்ஸியின் தலையை மட்டும் பார், எத்தனை தடவை திரும்புகிறது என்று எண்ணு என்று சொல்லுங்கள்.

அப்புறம் 69-வது நிமிஷம் வரும். குரோஷியாவின் குவார்டியோல் (பயிற்சியாளர் குவார்டியோலா வேறு, இவர் வேறு), முகமூடி போட்டு ஆடியவர், அப்போது இருபது வயதுதான், அந்த உலகக் கோப்பையிலேயே நல்ல தடுப்பாளர்களில் ஒருவர் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த பையன். வலது ஓரத்தில் மெஸ்ஸிக்குப் பந்து வருகிறது, குவார்டியோல் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறார். மெஸ்ஸி ஓடுகிறார், சட்டென்று நிற்கிறார், திரும்ப ஓடுகிறார், பெனால்டி பெட்டிக்குள் போய் முதுகைக் காட்டித் திரும்புகிறார், குவார்டியோல் விடவே இல்லை, இருந்தும் கடைசியில் கோட்டோரத்தில் ஒரு சின்ன இடம் கிடைக்கிறது. அங்கிருந்து பின்னால் தள்ளிவிட்டதைச் சக வீரர் அல்வாரெஸ் கோலாக்கினார், 3-0. மெஸ்ஸிக்கு அப்போது 35 வயது. ரீல்ஸில் பையன் இதைக் கட்டாயம் பார்த்திருப்பான். அறுபத்தெட்டு நிமிஷம் காத்திருந்து பார்க்கும்போது அது வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்று. பையன் குள்ளம் என்று எழுதியிருக்கிறீர்கள். மெஸ்ஸிக்குச் சின்ன வயதில் வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு இருந்தது, தினமும் ஊசி போட வேண்டியிருந்தது, பதின்மூன்று வயதில் ரொசாரியோவை விட்டுக் கடல் தாண்டி பார்சிலோனா போனதற்கு அந்த மருத்துவச் செலவும் ஒரு காரணம். ஒருவேளை அவனுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் நீங்கள் வாயால் சொல்லுங்கள், மாமா சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

சூரமங்கலம்_ஏழு:

நான் ரொனால்டோ ரசிகன், பேரில் இருக்கும் ஏழிலேயே தெரியும், அவர் சட்டை நம்பர் அதுதான். இங்கே சண்டைக்கு வரவில்லை, மேலே அண்ணன் எழுதிய ஒவ்வொரு வரியையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பையனுக்கு 2016 யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை) இறுதி ஆட்டத்தையும் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், ரொனால்டோ வெறும் 25 நிமிஷம் ஆடிய ஆட்டம் அது.

பாரிஸில், பிரான்ஸுக்கு எதிராக, பிரான்ஸ் மண்ணிலேயே. எட்டாவது நிமிஷத்தில் பிரான்ஸ் வீரர் பாயே வந்து மோதியதில் முழங்கால் போய்விட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு திரும்ப வந்தார், முடியவில்லை, மறுபடி வந்தார், முடியவில்லை. தரையில் உட்கார்ந்து அழுகிறார், அன்றைக்கு மைதானம் முழுக்க விட்டில் பூச்சிகள், அதில் ஒன்று அவர் முகத்தில் கண்ணுக்குப் பக்கத்திலேயே வந்து உட்காருகிறது. அதைத் தட்டிவிடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்தக் காட்சியை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கும். 2004-ல் சொந்த நாட்டில் நடந்த யூரோ இறுதியில் கிரீஸிடம் தோற்று அழுதபோது பத்தொன்பது வயது. பன்னிரண்டு வருஷம் கழித்துத் திரும்ப ஒரு இறுதி, அதிலிருந்து ஸ்ட்ரெச்சரில் போகிறார்.

அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் பையன் பார்க்க வேண்டும். கூடுதல் நேரத்தில் காலில் கட்டோடு கோட்டோரம் வந்து நின்றுகொண்டு, பயிற்சியாளர் சாந்தோஸுக்குப் பக்கத்திலேயே, கத்துகிறார், கையை ஆட்டுகிறார், நொண்டிக்கொண்டே அங்குமிங்கும் ஓடுகிறார். 109-வது நிமிஷத்தில் சக வீரர் எடெர் தூரத்திலிருந்து அடித்த பந்து உள்ளே போனது. போர்ச்சுகல் வாங்கிய முதல் பெரிய கோப்பை. ரொனால்டோ தன்னை மட்டும்தான் பார்ப்பார் என்று சொல்கிறவர்களிடம் நான் வாதாடுவதே இல்லை, அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தைப் போட்டுக் காட்டிவிடுவேன்.

அவர் ஆடுவதையும் பார்க்க வேண்டும் என்றால் 2018 உலகக் கோப்பை, சோச்சியில் ஸ்பெயினுடன் 3-3. போர்ச்சுகலின் மூன்றும் அவர் கோல். 88-வது நிமிஷ ஃப்ரீ கிக்குக்கு முன்னால் கால்சட்டையைத் தொடை வரைக்கும் சுருட்டிவிட்டு மூச்சை இழுத்து விடுவார் பாருங்கள். அன்று ராத்திரி எங்கள் ஹவுசிங் போர்டில் நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா என்னமோ ஏதோ என்று கதவைத் தட்டினார்.

விசில்_டீச்சர்:

விளையாட்டு ஆசிரியை என்ற முறையில் ஒரு வார்த்தை. மேலே இருப்பது எல்லாம் நல்ல ஆட்டங்கள். ஆனால் பையனுக்குப் பிரேசில் வீராங்கனை மார்த்தாவையும் காட்டுங்கள். உலகக் கோப்பைகளில் 17 கோல், ஆண் பெண் யாரும் இன்னும் அதைத் தொடவில்லை. பிரேசிலில் ஒரு சின்ன ஊரில் பையன்களோடு தெருவில் ஆடி வளர்ந்தவர். என்னிடம் வரும் பெண்பிள்ளைகள் சாயங்காலம் காந்தி ஸ்டேடியத்துக்குப் போய் ஆட வேண்டும் என்றால் வீட்டில் பத்து காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது, அவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் மார்த்தாதான்.

2025 ஆகஸ்ட்டில் கீட்டோவில் நடந்த கோபா அமெரிக்கா (தென் அமெரிக்க நாடுகளுக்கான கோப்பை) பெண்கள் இறுதி ஆட்டத்தை விடாமல் பாருங்கள். கொலம்பியா 3-2 என்று முன்னால் இருக்கிறது, ஆட்டம் முடியப்போகிறது, மாற்று வீராங்கனையாக உள்ளே வந்த மார்த்தா கடைசி நிமிஷத்தில் தூரத்திலிருந்து அடித்துச் சமன் செய்தார். 39 வயதில்! கூடுதல் நேரத்தில் இன்னொன்று போட்டார், அதையும் கொலம்பியா சமன் செய்து 4-4 ஆகி, பெனால்டியில்தான் பிரேசில் ஜெயித்தது. எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு மறுநாள் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னாடியே வந்து நின்றார்கள்.

அந்த நடக்கிற கேள்விக்கு: பையன் மலையில் ஆடுகிறவன்தானே? சரிவான மைதானத்தில் பந்தைக் காலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று அவனைக் கேளுங்கள். காபிச் செடிக்குள் போய்த் தேட வேண்டும். மெஸ்ஸியின் முதல் தொடுதலைப் பற்றி அவனுக்கு நாம் விளக்கவே வேண்டாம், அவன் காலுக்கே தெரியும்.

அம்மாப்பேட்டை_தறி:

சுருக்கமாகச் சொல்கிறேன், ஷிஃப்ட் நேரம். நீங்கள் போட்ட அதே அரையிறுதியில் தோற்ற பக்கம் பத்தாம் நம்பர் சட்டையில் ஒருவர் இருக்கிறார், லூக்கா மோட்ரிச். எனக்கு அவர்தான்.

சேலையில் எல்லோரும் பார்டரையும் முந்தியையும்தான் பார்ப்பார்கள். குறுக்கே ஊடை ஓடுவதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் அது ஓடாவிட்டால் பாவு வெறும் நூல்தான். மோட்ரிச் அந்த ஊடை. வாங்குவார், கொடுப்பார், நகர்வார், திரும்ப வாங்குவார்.

2018 உலகக் கோப்பையில் டென்மார்க்குடன் நடந்த ஆட்டம் பாருங்கள். 1-1, கூடுதல் நேரம் முடிய நாலைந்து நிமிஷம் இருக்கும்போது குரோஷியாவுக்குப் பெனால்டி. மோட்ரிச் அடித்ததை டென்மார்க் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் பிடித்துவிட்டார். அதோடு யாராக இருந்தாலும் ஒடிந்து உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்ச நேரத்திலேயே ஷூட்அவுட், அதே கோல்கீப்பர், அதே புள்ளி, மோட்ரிச் திரும்ப வந்து நின்று அடித்தார், உள்ளே போனது. இறுதி வரை போய் பிரான்ஸிடம் 4-2 என்று தோற்றார்கள், ஆனால் அந்த உலகக் கோப்பையின் சிறந்த வீரர் அவர்தான், அந்த வருஷம் உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருதும் அவருக்குத்தான். சின்ன வயதில் போரில் தாத்தாவைப் பறிகொடுத்து, ஊரை விட்டு ஓடி, ஜாதர் நகரில் அகதிகள் தங்கிய ஹோட்டலின் வண்டி நிறுத்தும் இடத்தில் பந்து ஆடியவர். அவரும் ஒல்லிக்குச்சிதான்.

எப்படிப் பார்ப்பது என்று யோசிக்காதீர்கள், ஃபிஃபாவின் யூடியூப் சேனலில் பழைய உலகக் கோப்பை ஆட்டங்கள் சில முழுசாகவே இருக்கின்றன.

இருபதாம்_வளைவு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி பையனை வீட்டுக்குக் கூட்டிவந்தேன், போனை அக்காவிடம் கொடுத்துவிட்டான், அதுவும் அவனாகவே.

பட்டறை அண்ணன் சொன்ன மாதிரி எண்ணச் சொன்னேன். நோட்டில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தான். முதல் இருபது நிமிஷத்துக்குள் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது, அதற்கு மேல் எண்ண முடியவில்லை என்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். "மாமா, இவரு பந்து வர்றதுக்கு முன்னாடியே பார்த்துடறாரு" என்றான். நான் எதுவும் சொல்லவில்லை. இடைவேளையில் ஊசி போட்ட கதையைச் சொன்னேன், அவனுக்கு அது தெரியாது. தினமுமா, தினமுமா என்று இரண்டு தடவை கேட்டான்.

69-வது நிமிஷம் வந்தபோது எழுந்தே நின்றுவிட்டான். கோல் ஆனதும் குதிப்பான் என்று நினைத்தேன், குதிக்கவில்லை. "அந்த முகமூடி அண்ணன் எவ்வளவு தூரம் விடாம ஓடுனாரு, பாவம் மாமா" என்றான். எனக்கு என்னமோ செய்துவிட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை அந்தக் கோலைப் பார்த்திருக்கிறேன், குவார்டியோலை நான் ஒரு தடவைகூட அப்படிப் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு டென்மார்க் ஆட்டம், அதற்கு அடுத்து மார்த்தா. டீச்சர், காபிச் செடி விஷயத்தைக் கேட்டேன், ஒரே வாரத்தில் மூன்று தடவை பந்து கீழே போய்விட்டதாம்.

அம்மாப்பேட்டை_தறி:

பையனிடம் இதைச் சொல்லிவிடுங்கள். நேற்று அவன் பார்த்த அரையிறுதி முடிந்து நாலாவது நாள், மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், மொராக்கோவுடன். ஏழாவது நிமிஷத்திலேயே பாய்ந்து தலையால் முட்டிக் கோல் போட்டது அந்த முகமூடி அண்ணன்தான். குரோஷியா 2-1 என்று ஜெயித்தது.