டிவிடி-ராமில் எழுதும்போது லினக்ஸ் முழுக்க உறைந்துபோகிறது, உதவி தேவை

ஆவணப்பெட்டி:
வணக்கம் நண்பர்களே. புகைப்படங்களையும் பழைய ஒலிப்பதிவுகளையும் டிவிடி-ராம் (பலமுறை அழித்து எழுதக்கூடிய டிவிடி) வட்டுகளில் பேக்கப் எடுத்து வைக்கிறேன். யுடிஎஃப் (டிவிடிகளுக்கான ஃபைல்சிஸ்டம்) ஃபார்மட், மவுண்ட் செய்து சாதாரண ஃபோல்டர் போலவே காப்பி. கணினியில் 16 ஜிபி ராம், சிஸ்டம் எஸ்எஸ்டியில் இருக்கிறது. காப்பி கொடுத்ததும் கண் இமைப்பதற்குள் இரண்டு ஜிபி போய்விட்டதாகக் காட்டும், பிறகு அப்படியே நின்றுவிடும். அதோடு விட்டாலும் பரவாயில்லை. எடிட்டரில் சேவ் கொடுத்தால் விண்டோ சாம்பல் நிறமாகிறது, பிரவுசர் டேப் மாற மறுக்கிறது. மவுஸ் மட்டும் நகர்கிறது. சிபியு சும்மாதான் இருக்கிறது. வேறு டிரைவ் மாட்டிப் பார்த்தும் இதேதான். வட்டில் எழுதுவது மெதுவாக இருக்கட்டும், மற்ற வேலை ஏன் நிற்க வேண்டும்?

கருங்குயில்:
டிரைவ் மேல் பழி இல்லை என்று நினைக்கிறேன். ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். காப்பி நிற்கும் நேரத்தில் ப்ராக் ஃபோல்டருக்குள் இருக்கும் மெம்இன்ஃபோ கோப்பில் டர்ட்டி (எழுதக் காத்திருப்பது), ரைட்பேக் (இப்போது எழுதப்படுவது) இரண்டு வரிகளும் என்ன காட்டுகின்றன? உறைந்த புரோகிராம்கள் பிஎஸ் கட்டளை காட்டும் பட்டியலில் டி நிலையில், அதாவது வட்டு வேலை முடியக் காத்து, இருக்கின்றனவா?

ஆவணப்பெட்டி:
டர்ட்டி 2.1 ஜிபிக்குப் பக்கத்தில் நிற்கிறது, மிக மெதுவாக இறங்குகிறது. காப்பி, எடிட்டர் இரண்டும் டி நிலை. கர்னல் லாகில் ஒரு புரோகிராம் 120 நொடிக்கு மேல் தடைபட்டிருக்கிறது என்ற எச்சரிக்கையும் வந்திருக்கிறது.

கருங்குயில்:
அப்படியென்றால் விஷயம் இதுதான். நீங்கள் காப்பி செய்வது நேரே வட்டுக்குப் போவதில்லை, முதலில் ராமில் சேர்கிறது. இன்னும் எழுதப்படாத அந்தப் பக்கங்கள்தான் டர்ட்டி. டர்ட்டி பேக்கிரவுண்டு ரேஷியோ (பின்னணியில் எழுதத் தொடங்கும் அளவு) 10, டர்ட்டி ரேஷியோ (மேல் வரம்பு) 20 என்பது கர்னலின் இயல்பு அளவு. இவை சதவீதம், அதுவும் கைவசம் இருக்கும் நினைவகத்தில். உங்களிடம் ஏறக்குறைய 14 ஜிபி கைவசம் என்று வைத்தால் 10 என்பது 1.4, 20 என்பது 2.8. இரண்டுக்கும் நடுவில், 2.1 ஜிபியில், கர்னல் எழுதுபவர்களைத் தடுத்து நிறுத்தத் தொடங்கும். உங்கள் டர்ட்டி எண் சரியாக அங்கேதான் நிற்கிறது.

இப்போது வட்டின் வேகம். டிவிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்கு 1.385 எம்பி. 3எக்ஸ் வட்டுக்கு நாலு எம்பி சொச்சம். டிவிடி-ராம் எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பதால் கையில் கிடைப்பது அதில் பாதி, இரண்டு எம்பி. 2.1 ஜிபி கரைய 17 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

எஸ்எஸ்டி ஏன் மாட்டுகிறது என்று கேட்டீர்கள். வரம்பு எல்லாச் சாதனங்களுக்கும் பொது. யார் சமீபத்தில் எவ்வளவு எழுதி முடித்தார்களோ அதை வைத்துத்தான் கர்னல் பங்கு பிரிக்கிறது. எஸ்எஸ்டி கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அதன் பங்கு சுருங்கிவிடும், அப்போது எடிட்டரும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இடையில் ஏதாவது சிங்க் கட்டளை (ராமில் இருப்பதை உடனே எழுதச் சொல்வது) ஓடினால், அது எல்லா ஃபைல்சிஸ்டமும் எழுதி முடியும்வரை காத்திருக்கும்.

சதவீதத்தை விட்டுவிட்டு பைட் கணக்குக்கு மாறுங்கள். சிஸ்கண்ட்ரோலில் (கர்னல் அமைப்புகளை மாற்றும் கட்டளை) டர்ட்டி பேக்கிரவுண்டு பைட்ஸ் 16777216, டர்ட்டி பைட்ஸ் 50331648, அதாவது 16 எம்பி, 48 எம்பி. பைட்ஸ் மதிப்பு கொடுத்ததும் ரேஷியோ பூஜ்யம் என்று காட்டும், பயப்பட வேண்டாம், இரண்டில் ஒன்றுதான் செயலில் இருக்கும். சிஸ்கண்ட்ரோல் கோப்பில் எழுதி வைக்காவிட்டால் ரீபூட்டில் போய்விடும்.

தாழம்பூ:
கருங்குயில் சொன்ன காரணம் முழுக்கச் சரி. மருந்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மெதுவான டிரைவுக்காக எஸ்எஸ்டியின் கையையும் சேர்த்துக் கட்டுவானேன்? சிஸ், கிளாஸ், பிடிஐ என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி அமைப்பு இருக்கிறது. முதல் ஆப்டிகல் டிரைவின் பெயர் அங்கே 11:0. அதில் மேக்ஸ் ரேஷியோவை 1 ஆக்குங்கள். மொத்த வரம்பில் நூற்றில் ஒரு பங்கு, உங்களுக்கு 28 எம்பி. ஆனால் மொத்த டர்ட்டி அந்த 2.1 ஜிபியை எட்டும்வரை கர்னல் இதைக் கண்டுகொள்ளாது. கூடவே ஸ்ட்ரிக்ட் லிமிட்டை 1 ஆக்கினால்தான் எப்போதும் பிடிக்கும். அது கர்னல் 6.2 முதல் உண்டு. பழைய கர்னல் என்றால் கருங்குயில் வழியே நல்லது.

மவுண்டில் நோஏடைம் (கோப்பைப் படித்த நேரத்தைப் பதியாதே என்ற விருப்பம்) சேருங்கள். இல்லாவிட்டால் படிப்பதற்கும் வட்டில் எழுத வேண்டிவரும்.

ஆவணப்பெட்டி:
கர்னல் 6.8, ஸ்ட்ரிக்ட் லிமிட் வைத்தேன். காப்பி பட்டை இப்போது வட்டின் உண்மையான வேகத்தில் நகர்கிறது, எடிட்டர் உடனே சேவ் ஆகிறது, அன்மவுண்ட் கால் நிமிடத்துக்குள் முடிகிறது. இருவருக்கும் மிக்க நன்றி! ஒரே ஒரு சந்தேகம்: பெரிய ஒலிக்கோப்புகள் சீராகப் போகின்றன, ஆயிரக்கணக்கான சிறு படங்கள் உள்ள ஃபோல்டர் மட்டும் ஊர்ந்து போகிறதே?

தாழம்பூ:
அது வட்டின் இயல்பு. செக்டர் 2 கேபி என்றாலும் பிழைதிருத்தம் 16 செக்டர் சேர்ந்த 32 கேபி கட்டாகத்தான் நடக்கும். 2 கேபி மாற்றினாலும் டிரைவ் முழுக் கட்டையும் படித்து, மாற்றி, எழுதி, சரிபார்க்கும். ஒவ்வொரு சிறு கோப்புக்கும் டைரக்டரி பதிவு வேறு இடத்தில் இருப்பதால் லேசர் தலையும் அலைய வேண்டும். அந்த ஃபோல்டரை எஸ்எஸ்டியிலேயே ஒரே டார் கோப்பாக்கி (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டுவது), பிறகு காப்பி செய்யுங்கள்.

கருங்குயில்:
அடிக்கடி திருத்தாத பேக்கப் என்றால் மவுண்டே வேண்டாம். புது வட்டை எடுத்து எக்ஸாரிசோ என்ற வட்டு எழுதும் புரோகிராமில் ஐஎஸ்ஓவாக (முழு வட்டின் படிமமாக) எழுதுங்கள். அது டிரைவோடு நேரடியாகப் பேசுவதால் டர்ட்டி கணக்கிலேயே வராது. ஸ்ட்ரீம் ரெக்கார்டிங் ஆன் செய்தால் சரிபார்ப்பைத் தவிர்த்து வேகமாகவும் எழுதும். அப்படிச் செய்தால் எழுதி முடித்ததும் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டுப் பார்க்காமல் மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள்.