ரீஸ்டார்ட் ஆகிறது, ஷட் டவுன் கொடுத்தால் மட்டும் நீலத்திரை (விண்டோஸ் 11 டெஸ்க்டாப்): உதவி தேவை

வெண்பனி:
வணக்கம். அசெம்பிள் பண்ணின டெஸ்க்டாப். விண்டோஸ் 11, 16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி. மூணு வாரமா ஷட் டவுன் கொடுத்தா அணைய மாட்டேங்குது. "ஷட்டிங் டவுன்" வட்டம் கொஞ்ச நேரம் சுத்தும், மானிட்டர் கறுப்பாகும், ஆனா கேபினெட் ஃபேனும் பவர் லைட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டு மூணு நிமிஷம் பாத்துட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைக்கிறேன். ஒரு தடவை அப்படியே விட்டப்போ நீலத்திரை (விண்டோஸ் பெரிய பிழையால நின்னு போகும்போது வர்ற திரை) ஒரு நொடி வந்து, மெஷின் தானா திரும்ப ஆன் ஆச்சு. என்ன எழுதியிருந்ததுன்னு படிக்க முடியலை.

ரீஸ்டார்ட் கொடுத்தா எந்தத் தொல்லையும் இல்லை. வேலை பாக்கும்போது ஒருநாளும் தொங்கினதில்லை. ரேமைக் கழட்டித் துடைச்சு ஸ்லாட் மாத்திப் பாத்தேன். விண்டோஸ் ஃபைல்கள் கெட்டிருக்கான்னு பாக்கிற எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டினேன், பிழை இல்லைன்னுது. விண்டோஸோட பதிவுகளைக் காட்டற ஈவென்ட் வியூவர்ல கெர்னல்-பவர் 41-ங்கிற பதிவு வரிசையா நிக்குது. அதைப் பாத்துட்டு கடையில எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போச்சு, மாத்தணும்னாங்க. மாத்தலாமா?

சாலிடர்:
இப்போதைக்கு எஸ்எம்பிஎஸ் வாங்காதீங்க. 41-ங்கிறது "போன தடவை ஒழுங்கா அணையலை"ன்னு விண்டோஸ் அடுத்த முறை ஆன் ஆகும்போது எழுதி வைக்கிற குறிப்பு, அவ்வளவுதான். கரண்ட் போனாலும் 41, நீலத்திரை வந்தாலும் 41, நீங்க பட்டனை அழுத்தி அணைச்சாலும் 41. எஸ்எம்பிஎஸ் பலவீனமா இருந்தா லோடு ஏறும்போது பொட்டுன்னு அணையும். உங்க மெஷின் அணைய மாட்டேங்குது. நேர் எதிர்.

அந்த 41-ஐத் திறந்து டீட்டெயில்ஸ் டேப்ல ரெண்டு வரி பாருங்க: பக்செக் கோட், பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப். முதலாவது 0, ரெண்டாவது 0 அல்லாத நீளமான எண்ணுன்னா, அந்த 41 உங்க விரல் போட்டது. பக்செக் கோட்ல எண் இருந்தா அது நீலத்திரையோடது. அந்த எண்தான் வேணும்.

கூடவே ஒரு சோதனை. ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஷட் டவுனைச் சொடுக்குங்க. ஒழுங்கா அணையுதா?

வெண்பனி:
ஷிஃப்டோட கொடுத்தா 15 செகண்டுல முழுசா அணைஞ்சிடுச்சு! மூணு தடவை பாத்தேன், மூணும் சரி. 41 எல்லாத்துலயும் பக்செக் கோட் 0, டைம்ஸ்டாம்ப்ல பெரிய எண். தானா ஆன் ஆன அன்னைக்கு மட்டும் பக்செக் கோட் 159, முதல் பாராமீட்டர் 3. ஆனா நீலத்திரை விவரம் பதிவாகற மினிடம்ப் ஃபோல்டர் காலியா இருக்கு.

ஊதாப்பூ:
ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் (சீக்கிரம் பூட் ஆக விண்டோஸ் வெச்சிருக்கிற வசதி) சகோ. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், இடப்பக்கம் "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ", மேலே இருக்கிற நீல வரியைச் சொடுக்கினா கீழே பூட்டியிருக்கிற கட்டங்கள் திறக்கும். "டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" டிக்கை எடுத்துட்டு சேவ் பண்ணுங்க. எஸ்எஸ்டி இருக்கிறதால பூட் ஆக சில நொடிதான் கூடும். வேலை முடிஞ்சது.

சாலிடர்:
அவசரத்துக்கு அது சரிதான். ஆனா தப்பு பண்றது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இல்லை, ஏதோ ஒரு டிரைவர் (சாதனத்தை இயக்கற மென்பொருள்). அதை விட்டு வெச்சா நாளைக்கு ஸ்லீப் போடும்போதோ ஹைபர்னேட் பண்ணும்போதோ இதே நீலத்திரை வரலாம்.

ஈவென்ட் வியூவர் அந்த எண்ணைத் தசம முறையில காட்டும். நீலத்திரைக் குறியீடுகளைப் பதினாறடிமானத்துல எழுதுறது வழக்கம். 159-ஐ அப்படி மாத்தினா 9எஃப், அதாவது "டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்". முதல் பாராமீட்டர் 3-ன்னா, "நீ அணைஞ்சுக்கோ"ன்னு விண்டோஸ் அனுப்பின கோரிக்கையை ஒரு சாதனம் பதில் சொல்லாம ரொம்ப நேரம் பிடிச்சு வெச்சிருக்குன்னு அர்த்தம். விண்டோஸ் குறிப்பிட்ட நேரம் காத்திருந்து பாக்கும், பதில் வரலைன்னா தானே நீலத்திரையைப் போடும். ஃபேன் ஓடிக்கிட்டே இருந்தது அந்தக் காத்திருப்பு நேரத்துலதான். அதுக்குள்ள நீங்க பட்டனை அழுத்திட்டதால சாட்சியே பதிவாகலை.

ஷிஃப்ட் ஏன் வேலை செஞ்சதுன்னா, விண்டோஸ் 8-லிருந்து சாதாரண ஷட் டவுன் முழு ஷட் டவுன் இல்லை. உங்க லாகின் மட்டும் மூடும். விண்டோஸோட மையப்பகுதியான கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே ஹைபர்னேட் ஃபைலுக்குள்ள எழுதப்படும். ரீஸ்டார்ட்டும் ஷிஃப்ட் ஷட் டவுனும் அந்த வழியில போகாது. ஹைபர்னேட் ஆகத் தெரியாத டிரைவர் சாதாரண ஷட் டவுன்ல மட்டும் மாட்டும்.

இனி டம்ப், அதாவது நீலத்திரை வரும்போது விண்டோஸ் எழுதி வைக்கிற மெமரிப் பதிவு. விண்டோஸ் + ஆர் அழுத்தி "சிஸ்டம் பிராப்பர்ட்டீஸ் அட்வான்ஸ்டு"ன்னு இடைவெளி இல்லாம ஆங்கிலத்துல அடிங்க. ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரிக்குள்ள "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" டிக்கை எடுங்க, நீலத்திரை அப்படியே நிக்கும். டம்ப் வகை "ஆட்டோமேட்டிக்". அதே ஜன்னல்ல பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குள்ள பேஜ் ஃபைல் (ரேமுக்குத் துணையா டிஸ்க்ல இருக்கிற ஃபைல்) சி டிரைவ்ல இருக்கான்னு பாருங்க. அது இல்லைன்னா டம்ப் எழுத இடமே இருக்காது. பிறகு ஷிஃப்ட் இல்லாம ஷட் டவுன் கொடுத்துட்டு, பட்டனைத் தொடாம நீலத்திரை வர்ற வரை விடுங்க. அதுல சதவீதம் 100 ஆனப்புறம் அணைங்க.

வந்த ஃபைலை மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல இலவசமா கிடைக்கிற, டம்ப்பை ஆராயற விண்டிபிஜி-யை அட்மினா ஓட்டித் திறங்க. "அனலைஸ்"னு நீல எழுத்துல ஒரு இணைப்பு வரும், சொடுக்கிட்டுக் கொஞ்சம் பொறுங்க. கடைசிப் பகுதியில "இமேஜ் நேம்" வரியைப் பாருங்க. கெர்னல் ஃபைல் பேரோ பிசிஐ டிரைவர் பேரோ வந்தா அதோட நிறுத்தாதீங்க. மாட்டிக்கிட்ட இடம் அது, மாட்டிவிட்டவன் பெரும்பாலும் அதே வெளியீட்டுல மேலே இருப்பான்.

ஒரு கேள்வி: மூணு வாரத்துக்கு முன்னாடி புதுசா என்ன சொருகினீங்க?

வெண்பனி:
எஸ்எஸ்டி ஆயுள் குறையும்னு எங்கயோ படிச்சு பேஜ் ஃபைலை எடுத்து வெச்சிருந்தேன். திரும்ப வெச்சதும் டம்ப் விழுந்துடுச்சு. இமேஜ் நேம்ல வந்தது யுஎஸ்பி வைஃபை அடாப்டரோட டிரைவர். நகம் அளவு குட்டி அடாப்டர், கேபினெட் பின்னாடி சொருகினதையே மறந்துட்டேன். கூட வந்த சிடியிலிருந்து போட்ட டிரைவர், டிவைஸ் மேனேஜர்ல தேதி 2017 காட்டுது. அதை உருவிட்டு ஷட் டவுன் கொடுத்தா அஞ்சு தடவையும் அணையுது.

சாலிடர்:
ஆள் அகப்பட்டாச்சு. இப்போ அடாப்டரைச் சொருகிட்டு டிவைஸ் மேனேஜர்ல அதோட பிராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்டுவேர் ஐடீஸ் பாருங்க. விஐடி (தயாரிப்பாளர் எண்), பிஐடி (சாதன எண்) ரெண்டுக்கும் பின்னாடி நாலு நாலு எழுத்து இருக்கும், குறிச்சுக்குங்க. டப்பா மேல இருக்கிற மாடல் பேரை நம்பி டிரைவர் இறக்காதீங்க. ஒரே மாடல் பேர்ல வேற வேற சிப் வெச்சு விப்பாங்க. உள்ளே எந்த சிப்புன்னு அந்த எட்டு எழுத்துதான் சொல்லும்.

அப்புறம் அன்இன்ஸ்டால் டிவைஸ். வர்ற பெட்டியில டிரைவரையும் சேர்த்து நீக்கற கட்டத்துல டிக் போடுங்க. இங்கதான் பலர் கோட்டை விடுறாங்க. டிக் போடாம நீக்கினா பழைய டிரைவர், விண்டோஸ் டிரைவர்களைச் சேர்த்து வைக்கிற கிடங்கிலேயே கிடக்கும், அடுத்த தடவை சொருகினதும் அதுவே வந்து உக்காரும். நீக்கினதும் ஆக்‌ஷன் மெனுவுல "ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ்" கொடுங்க. திரும்ப 2017 தேதியிலேயே வந்தா, இன்னொரு பிரதி ஒளிஞ்சிருக்கு, மறுபடி நீக்குங்க. மஞ்சள் முக்கோணம் வந்தாலோ விண்டோஸோட சொந்த டிரைவர் வந்தாலோ கிடங்கு சுத்தமாயிடுச்சுன்னு வெச்சுக்கலாம். சிடியோட வந்த வைஃபை யூட்டிலிட்டி இருந்தா அதையும் எடுத்துடுங்க. பிறகு விண்டோஸ் அப்டேட்ல ஆப்ஷனல் அப்டேட்ஸ் உள்ளே பாருங்க. அங்கே இல்லைன்னா அந்த எட்டு எழுத்தை வெச்சு சிப் தயாரிப்பாளரோட டிரைவரைத் தேடுங்க.

புது டிரைவர் கிடைக்கலைன்னா விண்டோஸ் 11-க்கு டிரைவர் இருக்கிற வேற அடாப்டர் வாங்கிடுங்க. எஸ்எம்பிஎஸ் விலையில சிறு பங்குதான் ஆகும்.

ஊதாப்பூ:
லேப்டாப்ல இதே 159 வந்து, வெளியே எதுவும் சொருகலைன்னா?

சாலிடர்:
விபிஎன் மென்பொருள் போட்டு வெச்ச விர்ச்சுவல் நெட்வொர்க் அடாப்டர், பழைய ஆன்ட்டிவைரஸோட மிச்சம், ப்ளூடூத், லேன் டிரைவர், இந்த வரிசையில தேடுங்க. டிவைஸ் மேனேஜர்ல வியூ, ஷோ ஹிட்டன் டிவைசஸ் கொடுத்தா விபிஎன் விட்டுட்டுப் போனதெல்லாம் மங்கலா தெரியும்.

வெண்பனி:
ரெண்டு பிரதி இருந்தது அண்ணா, ரெண்டையும் நீக்கினேன். ஆப்ஷனல் அப்டேட்ஸ்லயே புது டிரைவர் கிடைச்சுது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்லயே வெச்சு பத்து தடவை ஷட் டவுன், மூணு தடவை ஸ்லீப் பாத்தாச்சு. எல்லாமே சரியா நடந்தது, 41 ஒண்ணுகூட விழலை. பேஜ் ஃபைலை இனி எடுக்க மாட்டேன். ரொம்ப நன்றி.