தனக்கென ஒரு பாட்டு இல்லாத நாயகன்: 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' (1991) பற்றி ஒரு கேள்வி

கடைசிவரிசை:
அன்பர்களுக்கு வணக்கம். திரையரங்கில் பாட்டு வந்தால் எழுந்து வெளியே போய்விடும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். அப்படிப்பட்ட என்னையும் உட்கார வைத்தது டிஸ்னியின் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' என்ற அனிமேஷன் படம். இதில் ஒரு பாட்டுக்கு எழுந்து போனால், திரும்பி வரும்போது கதை நாம் விட்ட இடத்தில் இருப்பதில்லை. தொடக்கப் பாட்டு ஓடும் ஐந்து நிமிடத்துக்குள், நாயகி பெல் எதற்காக ஏங்குகிறாள், ஊரார் அவளைப் பற்றி முதுகுக்குப் பின்னால் என்ன பேசிக்கொள்கிறார்கள், வில்லன் காஸ்டன் ஏன் அவள்மேல் கண் வைத்திருக்கிறான் என்பதெல்லாம் விளங்கிவிடுகின்றன.

சென்ற வாரம் மீண்டும் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. ஊரார் பாடுகிறார்கள், சாபத்தால் சாமான்களாகிவிட்ட அரண்மனைப் பணியாட்களான மெழுகுவர்த்தித் தண்டும் தேநீர்க் கெண்டியும் பாடுகின்றன, வில்லனுக்கு ஒரு முழுப் பாட்டே இருக்கிறது. அதே சாபத்தால் மிருகமாகிவிட்ட நாயகன் பீஸ்டுக்கு மட்டும், பெல்லோடு பனியில் விளையாடும் காட்சியில் வரும் சில வரிகளைத் தவிர ஒன்றுமில்லை. அவற்றையும் அவன் வாய் திறந்து பாடுவதில்லை. மனத்துக்குள் ஓடும் எண்ணமாகவே அவை வருகின்றன. 1994-இல் இக்கதை பிராட்வே மேடைக்குப் போனபோதும், 2017-இல் நடிகர்களை வைத்து மறுபடியும் எடுத்தபோதும், அவனுக்கென்று தனிப்பாட்டு எழுதிச் சேர்த்தார்கள். அப்படியானால் மூலப் படத்தில் இருப்பது குறையா, அல்லது படத்தின் சிறப்பே அதில்தான் இருக்கிறதா?

நாடகப்பித்தன்:
நல்ல கேள்வி. விடை தேட, பாட்டு எழுதியவர் எங்கிருந்து வந்தார் என்று பார்க்க வேண்டும். இந்தக் கதையை டிஸ்னி முதலில் பாட்டே இல்லாத படமாகத்தான் தொடங்கியது. 1989-இல் அந்த முயற்சியைக் கைவிட்ட பிறகே பாடலாசிரியர் ஹோவர்ட் ஆஷ்மனும் இசையமைப்பாளர் ஆலன் மென்கனும் உள்ளே வந்தார்கள். இருவரும் நியூயார்க் நாடக மேடையில் பழகியவர்கள். ஒரு பாத்திரத்தின் ஆசை பேச்சில் அடங்காமல் போகும்போதுதான் அது பாட வேண்டும் என்பது அந்த மேடையின் பாடம். அரண்மனைச் சாமான்களுக்குப் பேச்சும் பாட்டும் கொடுத்து முழுப் பாத்திரங்களாக்கியது ஆஷ்மனின் யோசனைதான். விருந்துப் பாட்டைக்கூட முதலில் பெல்லின் தந்தைக்காகத்தான் திட்டமிட்டிருந்தார்கள். கதையின் நடுவில் நிற்பவள் மகள்தானே என்று பின்னால் அவளுக்கு மாற்றினார்கள்.

இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். இந்தப் படத்தில் பாடுகிறவர்கள் எல்லோரும் தமக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர்கள். பெல்லுக்கு ஊருக்கு வெளியே ஓர் உலகம் வேண்டும். உபசரிக்க ஆளில்லாமல் துருப்பிடித்துக் கிடக்கும் பணியாட்களுக்கு ஒரு விருந்தாளி வேண்டும். காஸ்டனுக்குத் தன்னைத் தவிர எதுவும் வேண்டாம், அதனால் மதுக்கடையே அவன் புகழைப் பாடுகிறது. நம்பிக்கையைத் தொலைத்துவிட்டு, கண்ணாடியில் முகம் பார்க்கவும் கூசுகிறவன் எதை ஆசைப்பட்டுப் பாடுவான்? முதன்முதலாக ஒரு நம்பிக்கை துளிர்க்கும்போது அவனுக்கும் சில வரிகள் கிடைக்கின்றன. அவற்றையும் மனத்துக்குள்ளேதான் சொல்லிக்கொள்ளத் துணிகிறான். நடன மண்டபத்தில் இருவர் சார்பிலும் பாடுவது கெண்டியாகிய மிஸஸ் பாட்ஸ். சிறியவர்கள் சொல்லத் தயங்குவதை வீட்டுப் பெரியவள் சொல்வது போன்ற ஏற்பாடு அது. அந்தப் பாட்டு தன் குரலுக்கு ஒத்துவராது என்று முதலில் தயங்கியதாகப் பாடிய ஏஞ்சலா லேன்ஸ்பரியே சொல்லியிருக்கிறார். அந்தத் தயக்கம்கூடப் பாட்டுக்கு நன்மையாகவே முடிந்தது என்பது என் எண்ணம்.

கோட்டோவியன்:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரைகிறவன் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க வேண்டும். பீஸ்ட் பாடாமலிருக்க முடிந்தது டிஸ்னி ஓவியர் கிளென் கீன் வரைந்த முகத்தால்தான். சிங்கத்தின் பிடரி, காட்டெருமையின் தலை, கொரில்லாவின் புருவம், காட்டுப்பன்றியின் கொம்புப்பல், கரடியின் உடல், ஓநாயின் கால் என்று எல்லாவற்றையும் கலந்து வைத்தவர், கண்களை மட்டும் நீலமாக, மனிதக் கண்களாகவே விட்டுவிட்டார். அந்தப் பெரிய உடம்புக்குள் யாரோ அடைபட்டிருக்கிறார் என்பதைச் சொல்ல அந்த இரண்டு கண்களும் போதுமானவை.

பனிக்காட்சிக்கு முன்னால் வரும் காலை உணவுக் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். பீஸ்ட் கஞ்சிக் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்து அள்ளுகிறான். பெல் பார்க்காதவள்போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மிஸஸ் பாட்ஸின் மகன், கோப்பையாகிய சிப், ஒரு கரண்டியை பீஸ்ட் பக்கமாக மெல்லத் தள்ளிவிடுகிறான். அந்தக் கைக்குக் கரண்டி அடங்கவில்லை. அப்போது பெல் தன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிண்ணத்தை இரு கையாலும் தூக்கிப் பிடிக்கிறாள். அவனும் தூக்குகிறான், இருவரும் கிண்ணத்தோடு குடிக்கிறார்கள். அவனை மனிதனாக்க அவளும் ஒரு படி இறங்கி வருகிறாள் என்பது இங்கே தெரிந்துவிடுகிறது. இதை எந்த வரியில் எழுதிப் பாடியிருக்க முடியும்? எல்லோரும் நடன மண்டபத்தைத்தான் புகழ்கிறார்கள். கணினியில் கட்டிய மண்டபத்துக்குள், கையால் வரைந்த இருவரையும் சுற்றிக் கேமரா சுழல்வது 1991-இல் பெரிய வித்தைதான். ஆனால் எனக்கு அந்தக் கிண்ணம் போதும்.

எதிர்வழக்கு:
மன்னிக்கவும், பிடித்த படத்தின் குறையையும் சிறப்பாக மாற்றிப் பேசுவது ரசிகர்களாகிய நமக்கு வாடிக்கை. காதல் வளரும் பகுதிக்கு 'ஹ்யூமன் அகெய்ன்' என்ற நீண்ட பாட்டைத்தான் முதலில் எழுதினார்கள். அதைப் படமாக்கினால் கதையில் எத்தனை மாதங்கள் கழிகின்றன, அதுவரை பெல்லின் தந்தை எங்கே அலைந்துகொண்டிருப்பார் என்ற கணக்குத் தவறியது. அதனால் அதை எடுத்துவிட்டு, பனிக்காட்சிப் பாட்டை அந்த இடத்தில் வைத்தார்கள். நீக்கிய பாட்டு 2002 மறுவெளியீட்டில்தான் படத்துக்குள் வந்தது. இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் ஒரு பாட்டுக்குள் வெறுப்பு அன்பாக மாறிவிடுகிறது என்று நம்பச் சொல்வது அவசரமாகவே எனக்குப் படுகிறது. ஊரார் தீவட்டியோடு கிளம்பும் பாட்டுக்குப் பிறகு, கடைசியில் ஒலிக்கும் சேர்ந்திசையைத் தவிரப் பாடலே கிடையாது. அந்த நாள்களில் ஆஷ்மன் எய்ட்ஸ் நோயால் நலிந்திருந்தார். படக்குழுவினர் அவர் வீட்டுக்கு அருகிலிருந்த ஃபிஷ்கில் என்ற ஊரின் விடுதிக்கு வந்து வேலை பார்த்தார்கள். 1991 மார்ச் 14-இல், நாற்பதாம் வயதில், அவர் மறைந்தார். படம் நவம்பரில்தான் வெளிவந்தது. நீங்கள் திட்டம் என்று வியப்பதில் பாதி, நேர நெருக்கடியின் விளைவு.

நாடகப்பித்தன்:
எதிர்வழக்கு அவர்களுக்கு: நெருக்கடி இருந்தது உண்மை; அந்த நெருக்கடியில் எதை விட்டுவிட்டார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்பதில்தான் கலைஞனின் கை தெரிகிறது. படத்தின் இறுதியில் ஆஷ்மனுக்கு வரும் அஞ்சலி வரியை நினைவுபடுத்துகிறேன். கடற்கன்னிக்குக் (இவர்களின் முந்தைய படமான 'த லிட்டில் மெர்மெய்ட்' நாயகி) குரல் தந்தவர், மிருகத்துக்கு ஆன்மா தந்தவர் என்கிறது அது. எழுதியவர்கள் பீஸ்டுக்குக் குரல் தந்தவர் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பாடிய கடற்கன்னிக்கும் பாடாத பீஸ்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவரோடு உட்கார்ந்து வேலை செய்தவர்கள் அறிந்தே இருந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மேடையில் அவனுக்குத் தனிப்பாட்டு தேவைப்பட்டதற்கும் காரணம் உண்டு: கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு (உங்கள் பெயரைச் சொல்லவில்லை, ஐயா) கண்கள் தெரியாது.

கடைசிவரிசை:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு, பீஸ்ட் பெல்லைப் பிரியும் இடத்தை இரண்டு படங்களிலும் அடுத்தடுத்துப் பார்த்தேன். 2017 படத்தில் அவன் கோபுரப் படிகளில் ஏறிக்கொண்டே பாடுகிறான். மென்கனின் மெட்டும் டிம் ரைஸின் வரிகளும் நன்றாகவே இருந்தன. ஆனால் தன் துக்கத்தை இவ்வளவு ஒழுங்காக அடுக்கிச் சொல்லத் தெரிந்தவனுக்கு அவ்வளவு துக்கம் இருக்காது என்று என் மனம் குறுக்கே பேசிக்கொண்டே இருந்தது. 1991 படத்தில், அவளை ஏன் போகவிட்டாய் என்று கடிகாரம் கேட்க, அவளை நேசிப்பதால் என்று ஒரே வரியில் சொல்லி முடிக்கிறான். பிறகு அவள் குதிரையில் போவதைப் பார்த்து அவனிடமிருந்து எழுவது ஒரு கர்ஜனை மட்டுமே. அதைக் கேட்ட பிறகு என் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பனிக்காட்சி அவசரமாக முடிகிறது என்ற குறையை மட்டும் எதிர்வழக்கு அவர்களின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறேன்.