மந்தை மாடல்: 10 சுழற்சி தாண்டியும் சினை பிடிக்காத மாடுகள் கணக்கில் இடிக்கின்றன

மந்தைக்கணக்கு:
கறவை மாடுகளுக்கு ஒரு சிமுலேஷன் எழுதிக்கொண்டிருக்கிறேன். கன்று ஈன்றதும் 60 நாள் விட்டு, அப்புறம் 21 நாள் சுழற்சிக்கு ஒரு வாய்ப்பு. பருவத்தை (மாடு சினைக்குத் தயாராகும் நேரம்) கண்டுபிடிப்பது 50%, போட்ட சினை ஊசிக்கு (செயற்கைக் கருவூட்டல்) சினை நிற்பது 40%, ஆக சுழற்சிக்கு 20%. முதல் சுழற்சி பதிவேட்டோடு அப்படியே ஒத்துப்போகிறது. ஆனால் 10 சுழற்சி கழித்து சினையில்லாமல் நிற்பது 11% என்கிறது மாடல், பதிவேட்டில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஹார்மோன் அளவில் வகைக்கெழுச் சமன்பாடு போட்டால் சரியாகுமா?

நிகழ்தகவுப்பித்தன்:
ஹார்மோனெல்லாம் வேண்டாம். எல்லா மாட்டுக்கும் ஒரே 20% என்று வைத்ததுதான் கோளாறு. பாதி மாடுகளுக்கு 30%, மீதிக்கு 10% என்று பிரித்துப் பாருங்கள், முதல் சுழற்சியில் அதே 20% வரும், ஆனால் சீக்கிரம் பிடிக்கிற மாடுகள் முதலில் கழன்றுவிடுவதால் போகப்போக மந்தமானவையே மிஞ்சும். 10 சுழற்சிக்குப் பிறகு 19% நிற்கும். சராசரிக் காத்திருப்பும் 5 சுழற்சியிலிருந்து 6.7 ஆகிவிடும். இரண்டு வகை என்பது கொச்சையான பிரிவுதான், ஒவ்வொரு மாட்டுக்கும் 0க்கும் 1க்கும் இடையே வெவ்வேறு வாய்ப்பு தரும் பீட்டா பரவல் வைத்தால் இன்னும் அழகாகப் பொருந்தும்.

கொட்டகைக்காரன்:
அதோடு அந்த 50%ஐயும் சந்தேகப்படுங்கள். பருவம் பெரும்பாலும் ஒரு நாள்கூட நீடிக்காது, பால் அதிகம் கறக்கிற மாட்டில் இன்னும் குறுகும், அதுவும் ராத்திரியில் வந்தால் யார் பார்ப்பது? அடுத்தடுத்த ஊசிகளுக்கு இடையே உள்ள நாட்களை எடுத்து வரைபடம் போடுங்கள். 42 நாள் பக்கத்தில் ஒரு மேடு தெரிந்தால் நடுவில் ஒரு பருவத்தைத் தவறவிட்டிருக்கிறீர்கள். 21க்கும் 42க்கும் நடுவே சிதறிக் கிடந்தால் கரு நின்று கலைந்ததாகவும் இருக்கலாம், அல்லது பருவமே இல்லாதபோது ஊசி போட்டதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மாடலில் தனித்தனி எண் வேண்டும்.

மந்தைக்கணக்கு:
பிரித்துப் போட்டேன், வால் பகுதி (பல சுழற்சி தாண்டியும் நிற்கும் மாடுகள்) நன்றாகவே ஒட்டுகிறது. சினை பிடிக்காமல் விற்றுவிட்ட மாடுகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்தானே?

நிகழ்தகவுப்பித்தன்:
ஐயோ, நீக்காதீர்கள்! நீக்கினால் மிச்சமிருப்பதெல்லாம் நல்ல மாடாகிச் சராசரி பொய் சொல்லும். விற்ற நாள் வரை சினையில்லை என்பதும் தகவல்தான், கப்லான்-மெயர் முறையில் (பாதியில் விலகியவற்றையும் விலகிய நாள் வரை எண்ணும் புள்ளியியல் முறை) அதை அப்படியே சேர்க்கலாம். ஹார்மோன் சமன்பாடு எப்போது வேண்டுமென்றால், பருவத்தை வரவழைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஊசியை எந்த நாளில் போடுவது என்பது மாதிரி கேள்வி வரும்போது. சுழற்சியின் முதல் 5 நாளில் கார்பஸ் லூட்டியம் (முட்டை வெளியேறிய இடத்தில் சூலகத்தில் உருவாகும் ஹார்மோன் சுரக்கும் திசு) அந்த மருந்துக்குச் சரியாக மசியாது, அதை உங்கள் 20% எப்படிச் சொல்லும்?