பிஎம் கிசான் தவணை நின்றுபோனால்: எங்கே சிக்குகிறது, யாரிடம் போவது? நான்கு ஊர்க்காரர்கள் சொல்வது

உளுந்தூர்பேட்டை:
நிலம் உள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் தவணை 2,000 ரூபாய் வரவில்லை என்றதும் பலர் நேரே வங்கிக்கு ஓடுகிறார்கள். முதலில் பிஎம் கிசான் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். எண் தெரியாவிட்டால் ஆதார் எண்ணையோ கைப்பேசி எண்ணையோ கொடுத்து அங்கேயே எடுக்கலாம். நில இணைப்பு (நில ஆவணத்தைப் பதிவோடு சேர்ப்பது), இ-கேஒய்சி (ஆதார் மூலம் ஆளை உறுதிசெய்வது), ஆதார் வங்கி இணைப்பு, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று விடுபட்டாலும் தவணை நிற்கும். இ-கேஒய்சிதான் சுலபம், ஆதாரில் உள்ள கைப்பேசிக்கு வரும் ஓடிபியிலேயே முடிந்துவிடும். ரேகை தேய்ந்த பெரியவர்களை விரல் வைக்கச் சொல்லி அலைக்கழிக்காதீர்கள். செயலியில் முகம் காட்டி முடிக்கும் வசதி 2023 முதல் இருக்கிறது.

மணப்பாறை:
அண்ணன் சொன்ன வங்கி இணைப்பில்தான் குழப்பம் அதிகம். கணக்குக்கு ஆதார் நகல் கொடுத்திருப்பது மட்டும் போதாது. நேரடி மானியம் வாங்கும் கணக்காக அதை என்பிசிஐயில், அதாவது வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய அமைப்பில், வங்கி ஏற்றியிருக்க வேண்டும். ஓர் ஆதாருக்கு ஒரு கணக்குதான், அதுவும் கடைசியாக ஏற்றியது. வேறு எதற்கோ புதுக் கணக்கு தொடங்கும்போது படிவத்தில் சம்மதம் என்று டிக் அடித்திருந்தால், பணம் அங்கே போய்ச் சேரும். வீட்டில் பழைய பாஸ்புக்கைப் புரட்டிக்கொண்டு வரவில்லை என்பார்கள். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பது ஆதார் தளத்தில் தெரியும். மாற்ற வேண்டுமானால் விரும்பும் கிளையில் ஆதார் இணைப்புப் படிவம் கொடுங்கள், மானியம் இந்தக் கணக்குக்கே வர வேண்டும் என்பதையும் அதில் குறியுங்கள்.

பட்டுக்கோட்டை:
நாள் இழுப்பது நிலம்தான். 1.2.2019 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதே கணக்கு. அதற்குப் பிறகு கிரயம் வாங்கியதோ, தான செட்டில்மென்ட் எழுதி வாங்கியதோ தகுதிக்குச் சேராது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே அப்பா இறந்திருந்தால் பட்டாவை அவர் பெயரிலேயே போட்டுவைக்காதீர்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்து, புதுச் சிட்டா, ஆதார், பாஸ்புக் நகல்களுடன் வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போங்கள். இறந்தவர் கணக்கில் தொடர்ந்து விழும் தவணையை எடுக்கவே கூடாது, பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். கணவன், மனைவி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சேர்ந்து ஒரே குடும்பம். இருவர் பெயரிலும் பட்டா இருந்தாலும் ஒருவருக்குத்தான் கிடைக்கும். இருவரும் பதிந்திருந்தால் சரிபார்ப்பில் நிறுத்திவிடுகிறார்கள்.

திருவாரூர்:
ஐயா, குத்தகைக்காரருக்கு வழி உண்டா என்று பலர் கேட்கிறார்கள். இந்தத் திட்டத்தில் இல்லை. சாகுபடி செய்கிறவர் என்பதற்காகக் கிடைப்பதில்லை, பெயரில் நிலம் வேண்டும். டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் உழுகிறவர்களுக்கு இது பெரிய அநியாயம். அவர்களிடம் வாங்கித்தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம். 2020இல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத லட்சக்கணக்கானவர்களைப் பதிவு செய்த மோசடி வெளியே வந்தபோது, வரவு வைத்த பணத்தை அதிகாரிகள் திரும்ப வசூலித்தார்கள். வருமான வரி கட்டுகிறவர்களும் மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குகிறவர்களும் பதியக் கூடாது, கடைநிலை ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் அந்த ஓய்வூதிய வரம்பு இல்லை.

உளுந்தூர்பேட்டை:
மூன்றும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் 155261க்கு அழைத்துப் பதிவு எண்ணைச் சொல்லிப் புகார் கொடுங்கள். பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பட்டாவில் ஒரு மாதிரி இருந்தால் அதை முதலில் திருத்துங்கள். நில விவரத்தோடு ஒவ்வொரு விவசாயிக்கும் அரசு தரும் விவசாயி அடையாள எண்ணை வாங்கும்போதும் இந்தப் பெயர் வித்தியாசத்தில்தான் தட்டும்.