ஓலைக் காத்தாடி சுத்த மாட்டேங்குது, பின்னல் தட்டு விரியுது: எங்கே தப்பு?

முற்றத்துவெயில்:
காரைக்குடிப் பக்கம். நுங்கு வந்தாச்சு, குருத்தோலையும் கிடைக்குது. 4 வயசுப் பையனுக்கும் 7 வயசுப் பொண்ணுக்கும் லீவுல கைவேலை கொடுக்கணும். காத்தாடி செய்தா சுத்தலை. பின்னின தட்டு மறுநாள் காய்ஞ்சதும் ஓட்டை ஓட்டையா இடைவெளி விடுது. நுங்கு வண்டிக்கு என்ன அளவுன்னும் சொல்லுங்க.

கொட்டான்கை:
தட்டு விரியுறதுக்குக் காரணம் ஈரம். ஓலை நனைஞ்சா உப்பும், காய்ஞ்சா அகலத்துல சுருங்கும். சொட்டச் சொட்டப் பின்னினா சுருங்கின அளவு இடைவெளியா நிக்கும். பச்சைக் குருத்தை அப்படியே பின்னினாலும் இதே கதைதான்.

முதல்ல குருத்தை ரெண்டு மூணு நாள் வெயில்ல போட்டு வெளுக்க விடுங்க. ஈர்க்கை உரிச்சுட்டு, 1 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளத்துல 12 வார் கிழிச்சுக்கங்க. இது பெரியவங்க வேலை. ஓலை ஓரம் பிளேடு மாதிரி கிழிக்கும். வாரை 10 நிமிஷம் தண்ணியில போட்டு, உதறி, ஈரத்துணியில சுத்தி அரைமணி வைங்க. விரல்ல சுத்தினா ஒடியக்கூடாது, நசுக்கினா தண்ணி கசியக்கூடாது. அதுதான் பதம்.

6 வாரை நெருக்கிப் படுக்க வச்சு, ஒரு முனையில செங்கல்லை ஏத்துங்க. மீதி 6 வாரையும் நடுவுல இருந்து ஆரம்பிச்சு ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு பொண்ணு நுழைக்கட்டும். அடுத்த வரிசை, முந்தினதுக்கு நேர் மாறா வரணும். முடிச்சதும் உடனே மடிச்சிடாதீங்க. அரைமணி ஆறவிட்டு, ஒவ்வொரு வாரையும் நகத்தால நெருக்கித் தள்ளிட்டு, அப்புறம்தான் நுனியை மடக்கிச் சொருகணும். எல்லாரும் விடுற படி இதுதான். நடுவுல 6 செ.மீ. சதுரம் விழும், நாலு பக்கமும் 9 செ.மீ.க்குக் குறையாம நுனி மிஞ்சும், சொருகத் தாராளம்.

சாயம் வேணும்னா பின்னுறதுக்கு முன்னாடியே வாரை நனைக்கணும். பின்னின பிறகு ஏத்தினா மடிப்புக்குள்ள வெள்ளையா நிக்கும். புவிசார் குறியீடு வாங்கின நம்ம செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் (பனையோலைக் கூடை) அடி இந்தக் கட்டப் பின்னல்தான். ஆனா மூலை திருப்புறது 7 வயசுக் கைக்கு வராது, வற்புறுத்த வேண்டாம்.

கண்மாய்க்கரை:
காத்தாடிக்கு வரேன். ஈரம் இல்லை, மடிப்புத் திசைதான் கோளாறு. 2 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளத்துல ரெண்டு வாரைக் கூட்டல் குறி மாதிரி வைங்க. ஒரு இறகை மேல பார்க்க வச்சு, அதோட வலது ஓரத்தை உங்க பக்கமா லேசா மடக்குங்க. அப்புறம் மொத்தத்தையும் கால் சுத்துத் திருப்பி, இப்ப மேல வந்த இறகுக்கும் அதே வலது ஓரம். நாலுக்கும் இப்படியே. ரெண்டு வலம், ரெண்டு இடம்னு மடக்கியிருந்தா ஒண்ணு தள்ளுறதை இன்னொண்ணு பிடிச்சு நிறுத்திடும், ஆடிக்காத்துக்கும் அசையாது.

நடுவுல கருவேலமுள். இறகுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, சின்ன ஓலைத் துண்டு கோத்துட்டு முள்ளைச் சோளத்தட்டையில குத்துங்க. இறகுல இருக்கிற ஓட்டை முள்ளை விடக் கொஞ்சம் பெரிசா இருக்கணும்; இறுக்கிக் குத்தினாலும் சுத்தாது. முள்ளு நுனி மறுபக்கம் நீட்டினா நறுக்கிடுங்க, சின்னவன் கண்ணு உயரத்துலதான் பிடிப்பான்.

நுங்கு வண்டிக்கு, குடிச்சு முடிச்ச காய் ரெண்டு, ஒரே பருமன்ல. பெரிசும் சிறிசுமாப் போட்டா வண்டி சின்னக் காய் பக்கமே வளைஞ்சு ஓடும். ரெண்டு முனையும் சீவின ஒரு சாண் குச்சியை, வெட்டாத பக்கத்துல நட்டநடு மையத்துல இறக்குங்க. மையம் தவறினா தவ்வித் தவ்விப் போகும். தள்ளுறதுக்குக் கவட்டைக் குச்சி, பிள்ளையோட நெஞ்சு உயரம். கவட்டை, அச்சு தாராளமா உருளுற அளவு விரிஞ்சு இருக்கணும், நெருக்கினா தேய்ஞ்சு நிக்கும். நாலஞ்சு நாள்ல காய் வத்தி ஓட்டை தளர்ந்துடும், அப்ப காயை மாத்த வேண்டியதுதான். ஆத்தங்குடிக் கல்லு (தரை ஓடு) போட்ட பட்டாலைக்குள்ள, அதான் வீட்டுக் கூடத்துக்குள்ள, விடாதீங்க. சாறு பிசுபிசுக்கும், எறும்பு வரிசை கட்டும்.

முற்றத்துவெயில்:
திறந்து பார்த்தேன், ரெண்டு இறகு எதிர்ப்பக்கம்தான் மடங்கியிருக்கு! பனங்குருத்து தீர்ந்துட்டா தென்னை ஓலை ஆகுமா?

கொட்டான்கை:
காத்தாடிக்கு ஆகும். தட்டுக்கு வேண்டாம், ரெண்டு நாள்ல பழுத்துச் சுருண்டுடும். தென்னைன்னா பீப்பி செய்யக் கொடுங்க. ஈர்க்கு நீக்கின ஒரு நீள வாரை, ஒரு முனையில இறுக்கிச் சுத்த ஆரம்பிச்சு, ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்துல பாதியை மூடுற மாதிரி கூம்பாக்கி, கடைசியில ஈர்க்கு குத்தி நிறுத்தணும். ஊதுற முனை உருண்டையா இருந்தா காத்து மட்டும்தான் வரும். ரெண்டு விரலால நசுக்கித் தட்டையாக்கினாத்தான் சத்தம். மத்தியானத் தூக்கம் போடுறவங்க வீட்டுல இருந்தா, சாயங்காலத்துக்கு ஒத்திப்போடுங்க.