டன்ஹில் பைப்புக்கும் சுரைக்குடுக்கை பைப்புக்கும் ஏன் இந்த விலை?

சாட்ஸ்வொர்த் செல்வா:
டர்பனில் ஒரு பழைய சாமான் ஏலப் பட்டியலில் இரண்டு புகையிலை பைப் வந்திருக்கின்றன. ஒன்று டன்ஹில் என்ற லண்டன் கம்பெனியின் சொரசொரப்பான கறுப்பு பைப், தண்டில் ஏதேதோ எண்கள். மற்றது கேப் பக்கத்துச் சுரைக்குடுக்கை பைப்: வெள்ளைக் கிண்ணம், கழுத்தில் வெள்ளிப் பட்டை. எனக்குப் புகைக்கும் பழக்கமில்லை, வாங்கி விற்கும் எண்ணம்தான். கடையில் மலிவாகக் கிடைக்கிற சாமானுக்குச் சேகரிப்பாளர்கள் ஏன் இவ்வளவு கொட்டிக் கொடுக்கிறார்கள்? எதைப் பார்த்து வாங்குவது?

பிரையர் பித்தன்:
தம்பி, முதலில் மரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். டன்ஹில் போன்ற பைப்புகளைச் செய்யும் பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒரு புதர்ச்செடியின் வேர்முண்டு. தோண்டி எடுத்து, மணிக்கணக்கில் கொதிக்கவைத்துச் சாறு இறக்கி, மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், உலர்த்துவார்கள். உள்ளே மணலோ ஓட்டையோ இருந்தால் அறுக்கும்போதுதான் தெரியும். முக்கால்வாசி செதுக்கிய பிறகு குழி எட்டிப் பார்த்தால், மக்கு வைத்து அடைத்து மலிவு ரகமாகத் தள்ளிவிட வேண்டியதுதான். நாலு பக்கமும் நேர்ரேகை, விளிம்பிலும் அடியிலும் பறவைக்கண் புள்ளி, ஒரு மக்குக்கூட இல்லை என்று ஒரு கட்டை அமைவது அபூர்வம். பணம் முதலில் அதற்குத்தான்.

அடுத்தது கை. கோபன்ஹேகனில் வேலை செய்த சிக்ஸ்டன் ஐவார்சன் முதலில் துளை போடாமல், ரேகை போகிற போக்கில் உருவத்தை இழைத்துவிட்டு அப்புறம் துளையிட்டார். அதில் துளை ஒரு நூல் விலகினாலும் கட்டை வீண். அவருடையதும், ஸ்வீடனின் போ நோர்டுடையதும் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன. இருவரும் இன்று இல்லை, இனி ஒன்றுகூட வராது.

டன்ஹில் கதை வேறு. அதில் முத்திரையைத்தான் படிக்க வேண்டும். சொரசொரப்பு என்றால் மணல் பீய்ச்சிய 'ஷெல்' ரகம், 1917 பேட்டண்ட். வட்டத்துக்குள் இருக்கும் எண் அளவு, பக்கத்தில் S என்றால் ஷெல். 'இங்கிலாந்து' என்ற சொல்லை ஒட்டிய சின்ன எண்தான் ஆண்டு. அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 14 என்பது 1934ஆகவும் இருக்கலாம், 1974ஆகவும் இருக்கலாம். கூடவே பேட்டண்ட் எண் இருந்தால் பழையது. இரண்டுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும்.

பத்து மடங்கு லென்ஸும் ஒரு டார்ச்சும் கொண்டுபோங்கள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் மங்கிய முத்திரையும் தண்டில் உள்ள மயிரிழை விரிசலும் தெரியும். கிண்ணத்துக்குள் பாருங்கள்: புகைத்துளை நடு அடியில் திறக்க வேண்டும். சுவரில் ஓரிடம் மட்டும் கருகிக் குழிந்திருந்தால் எரிந்து ஓட்டையாகப் போகிறது, வேண்டாம். கறுப்பு ரப்பர் வாய்ப்பகுதி தண்டோடு இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். மாற்றுத் துண்டு போட்டிருந்தால், அதில் டன்ஹிலின் அடையாளமான வெள்ளைப் புள்ளி இருந்தாலும் விலை பாதியைத் தாண்டாது.

மாரிட்ஸ்பர்க் மணியம்:
சுரைக்குடுக்கையைப் பற்றி நான் சொல்கிறேன், அது நம்ம ஊர்ச் சரக்கு. பிஞ்சாக இருக்கும்போதே கழுத்தை வளைத்துத் தரையில் படுக்கவைத்து வளர்ப்பார்கள். வளைவு சீராக வருவது சிலவற்றில்தான், மீதி மாட்டுக்குத்தான் லாயக்கு. இங்கே பிரிட்டிஷாரும் போயர்களும் மோதிய போயர் போர்க் காலத்தையொட்டித்தான் இது பிரிட்டனில் பரவியது. அதனால் ஷெர்லாக் ஹோம்ஸ் பைப் என்று யாராவது விலையை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள், கதைகளில் அது கிடையாது.

வெள்ளைக் கிண்ணம் மீர்ஷாமா என்று பாருங்கள். துருக்கியின் எஸ்கிஷெகிரில் கிடைக்கும் அந்தக் கல் எடையே இல்லாததுபோல் இருக்கும், நுண்துளை உள்ளதால் நாக்கில் ஒட்டும். பிளாஸ்டர் கனமாக இருக்கும், அடியில் மாவாக உதிரும். பீங்கான் வழவழவென்று குளிரும். கிண்ணத்தை மெல்லத் திருகிக் கழற்றினால் குடுக்கையின் வாயில் கார்க் வளையம் தெரியும். அது காய்ந்து சுருங்கினால் காற்று கசியும், மாற்றிவிடலாம். தார் பிடித்து இறுகியிருந்தால் மட்டும் முறுக்காதீர்கள், குடுக்கை வெடித்துவிடும். இன்னொன்று: மஹோகனியில் குடுக்கைபோலச் செதுக்கியதும் சந்தையில் நிறைய. உள்ளே எட்டிப்பார்த்தால் குடையப்பட்ட மரம் தெரிந்துவிடும்.

சாட்ஸ்வொர்த் செல்வா:
நன்றி அண்ணே. வாங்கினால் பளபளவென்று பாலிஷ் போட்டு விற்கலாமா?

பிரையர் பித்தன்:
அதை மட்டும் செய்யாதீர்கள்! பஃபிங் சக்கரத்தில் வைத்தால் ஒரே நிமிடத்தில் முத்திரையின் ஓரம் மழுங்கும், டன்ஹில் வெறும் பைப் ஆகிவிடும். உள்ளே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பைப் கிளீனர், அது வெள்ளையாக வரும்வரை. கரிப்படிவை ஒரு மில்லிமீட்டர் விட்டுவிட்டுச் சுரண்டுங்கள், மரத்தைத் தொட வேண்டாம். வாய்ப்பகுதி பச்சை கலந்த பழுப்பாக மாறியிருந்தால் அது ரப்பரில் உள்ள கந்தகம் வெளிச்சத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்ததன் விளைவு. 1000, 2000 நம்பர் உப்புத்தாளை நனைத்துக் கையால் தேய்த்தால் போதும், பிளீச்சில் ஊறப்போட்டால் மேற்பரப்பு குழிகுழியாகும். வெந்நீரும் கூடாது, வளைவு நிமிர்ந்துவிடும்.

மாரிட்ஸ்பர்க் மணியம்:
வெள்ளிப் பட்டையைத் துணியால் துடைத்தாலே போதும், முத்திரை தேயக் கூடாது. முத்திரையில் வெள்ளியைச் சோதித்த ஊர் தெரியும்: நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன், பக்கத்து எழுத்து ஆண்டு. எழுத்தை மட்டும் பார்த்து ஆண்டை முடிவு செய்யாதீர்கள், ஊருக்கு ஊர் வரிசை மாறும். பட்டை பிற்பாடு மாட்டியதாகவும் இருக்கலாம். ஏலக்காரரிடம் வாய்ப்பகுதி ஆம்பரா (மரப்பிசின் கல்) ஐவரியா (யானைத் தந்தம்) என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஐவரி என்றால் அனுமதிச் சீட்டு இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது, வாங்குகிறவர் பெரும்பாலும் வெளிநாட்டில்தான் இருப்பார்.